வாசகர் கேள்வி – பதில்: இழுவைக் கொக்கி, வளையம், ஷக்கிள்

மழை தொடங்கினால் லொறியும் ட்ரக்டரும் கானில் இறங்குவதும், கட்டி இழுக்கும்போது கொக்கியோ, ஷக்கிளின் (யூ வடிவ இணைப்பு இரும்பின்) வாயைப் பூட்டும் பின்னோ முறிவதும் மலையகத்தில் வழக்கமாகிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையே. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரு நம்பிக்கை தெரிகிறது: கனமாக இருந்தால் பலமாக இருக்கும் என்று. அதே கனத்தில் ஒன்று 30 தொன் தாங்கும், இன்னொன்று 3 தொன்னில் முறியும். எந்த இரும்பு, எப்படி அடிக்கப்பட்டது, எப்படிப் பதம் போடப்பட்டது (காய்ச்சி ஆறவிட்டு உறுதியாக்கப்பட்டது) என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

கொழுந்து லொறி சாரதி ஒருவர், தலவாக்கலை: ஐயா, முக்கால் அங்குல ஷக்கிள் போட்டு, கானில் இறங்கிய லொறியை இழுத்தோம். ஷக்கிளின் பின், மரை தொடங்கும் இடத்தில் துண்டாகிவிட்டது. முறிந்த முகத்தில் பாதி கறுப்பாக, வழவழப்பாக இருக்கிறது. மறுபாதி சீனிக்கட்டியை உடைத்தது போல மினுங்குகிறது. பாரம் கூடிப் போனதா?

முறிந்த துண்டை வீசாமல் வைத்திருந்தது நல்ல காரியம். அந்தக் கறுப்புப் பாதிதான் பதில் சொல்கிறது. அது அன்றைக்கு முறிந்த பாகம் இல்லை. பல மாதங்களுக்கு முன்பே மரையின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்து, ஒவ்வொரு இழுவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. திறந்து மூடும்போது இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உரசியதால் வழவழப்பு, ஈரமும் எண்ணெயும் போனதால் கறுப்பு. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெடிப்பு தொடங்கிய ஓரத்தைச் சுற்றி, குளத்தங்கரையில் தண்ணீர் வற்றிய கோடுகளைப் போல வளைவு வளைவாக வரிகள் தெரியும். மினுங்கும் பாதி மட்டுமே அன்றைக்குப் பாரத்தைத் தாங்கியது. அது ஒரே இழுப்பில் போய்விட்டது.

பாரம் கூடி மட்டும் முறிந்திருந்தால் முகம் வேறு மாதிரி இருக்கும்: மங்கிய சாம்பல் நிறம், நார் நாராக, முறிவுக்குப் பக்கத்தில் பின் வளைந்தோ மெலிந்தோ இருக்கும். வளையாமல், மெலியாமல், முகம் முழுவதும் ஒரே மினுக்கமாக இருந்தால் அது பதம் தவறிய பின்னாகவோ வார்ப்பாகவோ இருக்கும்.

மரை தொடங்கும் இடத்தில் முறிந்ததற்கும் காரணம் உண்டு. மரையின் பள்ளம் கூர்மையான வெட்டு; விசை அங்கேதான் திரளும். பின்னை முழுதாக முறுக்காமல் விட்டால் மரைப் பகுதி ஷக்கிளின் காதுக்குள் (பின் நுழையும் ஓட்டைக்குள்) முழுக்க இறங்காது, பின் வளையத் தொடங்கும். சேற்று வேலையில் இறுகிப் போகாமல் இருக்க, முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று மட்டும் தளர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் தளர்த்தக் கூடாது. இன்னொன்று: முக்கால் அங்குல ஷக்கிளின் பின் முக்கால் அங்குலம் இல்லை, அது 7/8 அங்குலம். தொலைந்த பின்னுக்குப் பதிலாக முக்கால் அங்குல போல்ட் போட்டால் ஓட்டையில் ஆடும், மரையும் வெட்டுப்படும் இடத்திலேயே வரும். பின் தொலைந்தால் ஷக்கிளும் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே கம்பனியின் அதே அளவுப் பின் கிடைத்தால் மட்டும் போடலாம்.

மிச்சமிருக்கும் ஷக்கிள்களை இப்படிப் பாருங்கள். கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊற விடுங்கள். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்பை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்த வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று கசிந்து வந்தால் அங்கே வெடிப்பு. கடையில் விற்கும் சிவப்புச் சாய ஸ்பிரே இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். சாயத்தை 10 முதல் 20 நிமிடம் விட்டுத் துடைத்த பிறகு வெள்ளையை அடிக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறை உரிமையாளர், கொட்டகலை: தோட்டத்து ட்ரக்டர் ட்ரெய்லர்களுக்கு இழுவை வளையம் செய்து கொடுக்கிறேன். இதுவரை 25 மி.மீ. டோர் கம்பியை வளைத்து, வாய் சேரும் இடத்தை வெல்டிங் அடித்து, சட்டத்தில் பற்றவைத்தேன். இரண்டு வளையங்கள் திரும்பி வந்துவிட்டன. காய்ச்சி அடித்த வளையம் செய்ய எங்களைப் போன்ற பட்டறையால் முடியுமா? என்ன இரும்பு, என்ன சூடு, என்ன எண்ணெய் என்று விவரமாக எழுதுங்கள்.

முடியும். ஆனால் டோர் கம்பியை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கம்பியை உருட்டு ஆலையில் சூடாக இருக்கும்போதே தண்ணீர் பாய்ச்சி வெளித்தோலைக் கடினமாக்குகிறார்கள். உள்ளே மென்மையாக இருக்கும். கொங்கிரீட்டுக்கு அது அருமையான இரும்பு. நீங்கள் சிவக்கக் காய்ச்சி வளைத்ததும் அந்தத் தோலின் பலம் போய்விடுகிறது. கம்பியின் மேலே ஓடும் வரம்புகள் ஒவ்வொன்றும் வெடிப்பு தொடங்கும் வெட்டு. போதாததற்கு, மிக அதிக விசை வரும் இடத்தில் வெல்டிங் மூட்டு.

உங்கள் வளையம் ஏன் முறிந்தது என்பதைக் கணக்கே சொல்லும். 2.5 தொன் ட்ரக்டர், பாரத்தோடு 4 தொன் ட்ரெய்லர் என்று வையுங்கள். இணைப்புக்கு வரும் விசையைக் கணிக்கும் வழக்கமான சூத்திரம்: இரண்டு எடைகளையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்குவது. 2.5 × 4 ÷ 6.5 × 9.81 = ஏறக்குறைய 15 கிலோநியூட்டன். ஒன்றரைத் தொன் என்று சொல்லலாம். உங்கள் 25 மி.மீ. கம்பி வளையத்தின் இரண்டு பக்கங்களும் சேர்ந்து 980 சதுர மி.மீ.க்கு மேல். ஒரு சதுர மி.மீ.க்கு நேரடியாக வருவது 16 நியூட்டன் கூட இல்லை. வளைவினால் வரும் விசையைச் சேர்த்துப் பல மடங்காக்கினாலும் சாதாரண இரும்பே தாங்கும். ஆக, கனம் போதாமல் முறியவில்லை. மூட்டும் வெட்டும்தான் முறித்தன. 32 மி.மீ. கம்பிக்கு மாறினாலும் திரும்பித்தான் வரும்.

காய்ச்சி அடித்தால் என்ன நடக்கிறது? உருட்டிய இரும்புக்குள் நீளவாக்கில் இழை ஓடுகிறது. தட்டிலிருந்து வாயுவால் வெட்டி எடுத்த வளையத்தில் இந்த இழை பாதி இடங்களில் குறுக்கே அறுபட்டிருக்கும். தலையைத் தட்டையாக்கித் துளைத்து விரித்தால், இழை ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போகும். அறுபட்ட இழையும் இல்லை, மூட்டும் இல்லை.

இரும்பை முடிவு செய்வதற்கு முன், வளையத்தைச் சட்டத்தோடு எப்படிப் பிணைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பற்றவைப்பதானால் கரி (காபன்) 0.2 சதவீத அளவில் உள்ள இரும்பு வேண்டும்; எஸ் 355 தரம் பொருத்தம். தண்டில் மரை போட்டு நட்டால் இறுக்குவதானால் ஈஎன் 19 எடுக்கலாம். 4140 என்றும் 42 சிஆர்எம்ஓ 4 என்றும் கேட்டால் கிட்டத்தட்ட அதுவே வரும். அதில் கரி 0.4 சதவீதம் அளவு, குரோமியம் 1 சதவீதம் அளவு, கொஞ்சம் மொலிப்டினம். இந்த இரும்பில் வளையம் செய்து சட்டத்தில் சும்மா பற்றவைத்தால், வெல்டிங்குக்குப் பக்கத்தில் கண்ணாடி போன்ற கடினப் பட்டை உருவாகி, ஆறிய பிறகு, சில வேளை மறுநாள், தானாக வெடிக்கும். நல்ல இரும்பு வாங்கியும் முறிந்தது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

அளவு: ட்ரக்டர் ட்ரெய்லர் வளையங்களில் உலக அளவில் வழக்கமானது நடுவில் 50 மி.மீ. ஓட்டை, 30 மி.மீ. உருட்டுக் கனம். தண்டு 45 மி.மீ. முடிந்த உருப்படி ஏறக்குறைய மூன்றேகால் கிலோ வரும். செதிலாக உதிர்வது, துளைக்கும்போது விழும் துண்டு, நுனியை வெட்டுவது எல்லாம் சேர்த்து 4 கிலோ எடுங்கள். 50 மி.மீ. உருளைக் கம்பியில் அது 260 மி.மீ. நீளம். வாளால் நேராக வெட்டுங்கள். வாயுவால் வெட்டினால் வெட்டு முகத்தைத் தேய்த்துச் சுத்தமாக்காமல் உலையில் வைக்காதீர்கள். அந்தச் சொரசொரப்பு மடிந்து உள்ளே போனால் அதுவே வெடிப்பு.

உலை சிரட்டைக் கரியானாலும் எரிவாயுவானாலும் சரி, இரும்பு மெதுவாக நடுவரை சூடேற வேண்டும். மேல் மட்டும் மஞ்சளாகி நடு சிவப்பாக இருக்கும்போது அடித்தால் உள்ளே கிழியும். அடிக்கத் தொடங்கும் சூடு 1,150 முதல் 1,200 பாகை செல்சியஸ், நல்ல மஞ்சள். 900 பாகைக்குக் கீழே, செம்மஞ்சள் போய்ச் சிவப்பு ஏறத் தொடங்கினால், சம்மட்டியை நிறுத்தித் திரும்ப உலையில் வையுங்கள். "இன்னும் இரண்டு அடி" என்று அடிக்கிற அந்த இரண்டு அடிதான் ஓரத்தை வெடிக்க வைக்கும். மறுபக்கம், இரும்பிலிருந்து மத்தாப்பு போலப் பொறி பறந்தால் அது எரிந்துவிட்டது. எரிந்த இரும்பைத் தேற்ற வழியே இல்லை. அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

இந்தக் கனத்தைக் கைச் சம்மட்டியால் அடிப்பது வீண் பாடு. அடி உள்ளே இறங்காமல் மேற்பரப்பு மட்டும் நகரும். குறைந்தது 50 கிலோ அடிபாரமுள்ள பவர் ஹேமர் வேண்டும். கம்பியில் 110 மி.மீ.யைத் தலைக்கு ஒதுக்கி, மிச்ச 150 மி.மீ.யை 45 மி.மீ. தண்டாக இழுங்கள். அது 170, 180 மி.மீ.க்கு நீளும். தலையை அடுத்த சூட்டில் 35 மி.மீ. கனத்துக்குத் தட்டையாக்கினால் ஏறக்குறைய 90 மி.மீ. அகல வட்டம் கிடைக்கும். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் 10 மி.மீ.க்குக் குறையாத வளைவு இருக்க வேண்டும். பட்டடையின் கூரான விளிம்பில் வைத்துக் கழுத்தை எடுத்தால் அந்தக் கூர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே நிற்கும். முதலில் பட்டடை விளிம்பை உருட்டிக்கொள்ளுங்கள்.

துளைப்பதில்தான் கை பழக வேண்டும். 25 மி.மீ. துளை உளியை நடுவில் வைத்து மூன்றில் இரண்டு பங்கு ஆழம் இறக்குங்கள். இரண்டு மூன்று அடிக்கு ஒரு தடவை உளியை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, பள்ளத்தில் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டால் உளி சிக்காது. பிறகு தலையைப் புரட்டுங்கள். பின்பக்கத்தில் உளி இருந்த இடம் வட்டமாகக் கறுத்துத் தெரியும். அந்தக் கறுப்பின் நடுவில் உளியை வைத்து அடித்தால் வில்லை ஒன்று கீழே விழும். ஒரே பக்கத்திலிருந்து கடைசிவரை அடித்தால் அடியில் பிசிர் கிழிந்து தொங்கும். அதற்குப் பிறகு 35, 45, 50 என்று கூம்பு முளைகளால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு கொடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி விரியுங்கள். கடைசியாக, ஓரங்களை அரைவட்டக் குழி உள்ள அச்சில் வைத்து உருட்டுங்கள். மாதம் நூற்றுக்கணக்கில் செய்கிற தொழிற்சாலை இதையே இரண்டு துண்டு அச்சுக்குள் ஒரே சூட்டில் முடித்து, ஓரத்தில் பிதுங்கும் பிசிரை வெட்டிவிடும். உங்கள் எண்ணிக்கைக்கு அந்த அச்சின் செலவு கட்டாது.

அடித்து முடித்த வளையத்தை ஈரத் தரையில் போடாதீர்கள். உலர்ந்த சாம்பலிலோ, காற்றோட்டம் இல்லாத இடத்தில் செங்கல் மேலோ ஆற விடுங்கள். எஸ் 355 ஆனால் 900 பாகைக்கு ஒரு தடவை காய்ச்சிக் காற்றில் ஆற விட்டால் போதும், பதம் தேவையில்லை. ஈஎன் 19 ஆனால் பதம் போட்டே ஆக வேண்டும். 850 பாகைக்குச் சூடாக்கி, நடுவரை அந்தச் சூடு சேரும்படி 25 மி.மீ. கனத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் என்று வைத்திருந்து எண்ணெயில் இறக்குங்கள். காந்தம் ஒட்டாமல் போவது 770 பாகை அளவில். அதை அடையாளமாக வைத்து அதற்கு மேல் போகலாம் என்பார்கள். ஆனால் கே வகை வெப்பமானி ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை. உங்கள் பட்டறையில் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எண்ணெயின் அளவு ஒரு கிலோ இரும்புக்கு 8 லீற்றர் என்று வையுங்கள். உங்கள் வளையத்துக்கு 30 லீற்றருக்குக் குறையக் கூடாது. மலைநாட்டுக் காலைக் குளிரில் எண்ணெய் தடித்துக் கிடக்கும். தடித்த எண்ணெய் இரும்பைச் சுற்றி ஓடாது, ஆறுவது இடத்துக்கு இடம் வேறுபடும், வளையம் கோணும். முதலில் ஒரு வேண்டாத இரும்புத் துண்டைக் காய்ச்சிப் போட்டு எண்ணெயை 50, 60 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தொட்டிக்குள் மழைத்தண்ணீர் போயிருந்தால் தொடவே தொடாதீர்கள். அடியில் நிற்கும் தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி, கொதிக்கும் எண்ணெயை வெளியே எறியும். தொட்டிக்கு இரும்பு மூடி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடிதான் அணைக்கும். கழிவு என்ஜின் எண்ணெய் வேண்டாம்.

எண்ணெயிலிருந்து எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் பதம் இறக்குங்கள், அதாவது மறுபடி சூடாக்கி 600 பாகையில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று வைத்தால் இரவிலேயே வெடிக்கக் கூடும். கத்திக்குப் பதம் பார்க்கும் வைக்கோல் நிறமும் நீலமும் இங்கே உதவாது; அவை 300 பாகைக்குள் வந்து போய்விடும். சரியாக வந்தால், கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 30ஐ ஒட்டி நிற்கும். அரம் போட்டால் தயங்காமல் கடிக்கும். அரம் வழுக்கினால் அந்த வளையத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தண்டில் எம் 42 மரையைப் பதம் இறக்கிய பிறகு லேத்தில் வெட்டுங்கள். மரை முடியும் இடத்தைச் சாய்வாக விட்டு, வெட்டு நட்டும் பிளவுப் பின்னும் போடுங்கள்.

சோதிக்காமல் வெளியே விடாதீர்கள். கனமான ஐ பீம் சட்டத்துக்குள், 50 மி.மீ. பிஸ்டனுள்ள ஹைட்ராலிக் ஜாக்கியால் 250 பார் அழுத்தம் கொடுத்தால் 49 கிலோநியூட்டன், அதாவது 5 தொன் இழுவை வரும். சாலையில் வரும் விசையைப் போல மூன்று மடங்குக்கு மேல். இழுப்பதற்கு முன்னும் பின்னும் ஓட்டையை வெர்னியரால் இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள். அளவு மாறியிருந்தால் அது கழிவு. மாறாவிட்டால் சாயம் அடித்து வெடிப்புப் பாருங்கள். இழுக்கும்போது நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. சுற்றி மணல் மூட்டை அடுக்குங்கள். ஒவ்வொரு வளையத்திலும், விசை குறைவாக உள்ள தண்டின் முகத்தில், ஓர் எண்ணைக் குத்தி, எந்தக் கம்பி, எந்த நாள், எந்தச் சூடு என்று கொப்பியில் எழுதிவையுங்கள். முதல் தொகுதியில் ஒன்றை முறியும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் விசாரித்துப் பாருங்கள். உங்களுக்கு அதுதான் கிட்டம்.

வாசகர் ஒருவர், வெலிமடை: பழைய லொறி ஸ்பிரிங் தகட்டில் கொக்கி அடித்தால் ஈஎன் இரும்பை விடப் பலம் என்கிறார் எங்கள் ஊர்க் கொல்லர். உண்மையா?

கடினம் என்று சொன்னால் உண்மை. இழுவைக் கொக்கிக்கு வேண்டியது கடினம் இல்லை. முறிவதற்கு முன் வளைந்து காட்டும் குணம். வளைந்த கொக்கியைப் பார்த்து இழுப்பதை நிறுத்தலாம். ஸ்பிரிங் தகட்டில் கரி 0.5 முதல் 0.6 சதவீதம். அடித்து முடித்துத் தண்ணீரில் தோய்த்தால், முன்னறிவிப்பே இல்லாமல் துண்டாகிப் பறக்கும். அதோடு, லட்சக்கணக்கான தடவை குலுங்கிய தகடு அது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். கவ்வாத்துக் கத்திக்கு அந்தத் தகடு மிகப் பொருத்தம். கொல்லரிடம் அதற்கே கொடுங்கள்.

பழைய அக்சில் தண்டு கிடைத்தால்? அதிலும் வெளித்தோல் கடினமாக்கப்பட்டிருக்கும், என்ன இரும்பு என்று தெரியாது. சாணைக்கல்லில் பிடித்துப் பொறியைப் பாருங்கள். நீண்ட கோடுகள், பூ குறைவு என்றால் கரி குறைவு. குறுகிய கோடு, நுனியில் நிறையப் பூ என்றால் கரி அதிகம். கரி கூடிய தண்டு கொக்கிக்கு ஆகாது. மற்றதையும் வெடிப்புப் பார்க்காமல் உலையில் வைக்காதீர்கள்.

வேன் உரிமையாளர், பண்டாரவளை: கடையில் ஷக்கிள் வாங்கும்போது காய்ச்சி அடித்ததா, வார்ப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் உள்ள எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

உடம்பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அச்சுக்குள் அடித்ததில் பிசிர் வெட்டிய தடம், சில மி.மீ. அகலத்தில் பட்டையாக, தேய்த்த அடையாளத்தோடு ஓடும். வார்ப்பில் அச்சுகள் சேர்ந்த கோடு மெல்லியதாக இருக்கும். மேற்பரப்பு மணல் பதிந்தது போலச் சொரசொரக்கும், சில இடங்களில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் அடித்தது நீளமாக மணி போல ஒலிக்கும், மலிவான வார்ப்பு "டப்" என்று அடங்கும். ஆனால் ஒலியை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

எழுத்துதான் முக்கியம். நல்ல ஷக்கிளின் உடம்பிலேயே செய்தவர் பெயர் அல்லது குறி, அளவு, பாரம், தொகுதி எண் நான்கும் எழும்பி நிற்கும். டபிள்யூ.எல்.எல். 4 3/4 டி என்றால், வேலைக்குப் பயன்படுத்தக் கூடிய பாரம் 4.75 தொன். முக்கால் அங்குலத்துக்கு அது வழக்கமான எண், 5/8க்கு 3.25, 7/8க்கு 6.5, ஓர் அங்குலத்துக்கு 8.5. தரமானவை முறிவதற்கு இதைப் போல 5, 6 மடங்கு பாரம் தேவை. அந்த மடங்கைத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். அது குலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் ஒதுக்கியது. பெயரும் பாரமும் இல்லாமல் சிவப்புப் பின்னும் பளபளப்பும் மட்டும் இருந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் பதுளையில் வாங்கினாலும் அது முன்பம்பரில் தொங்கவிடும் அலங்காரம்தான்.

அந்த எண் நேராக இழுத்தால் மட்டும். பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்து இழுத்தால் 70 சதவீதமாகவும், 90 பாகையில் பாதியாகவும் குறையும். கொண்டை ஊசி வளைவில் இழுக்கிற நம்மவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். உடம்போ பின்னோ எந்த இடத்திலாவது பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் கழித்துவிடுங்கள்.

வாடகை வேன் சாரதி, ஹட்டன்: ஜப்பானிலிருந்து வந்த வேனின் அடியில் பின்பக்கம் இரண்டு கொக்கிகள் உள்ளன. அவற்றில் கட்டி இழுக்கலாமா?

கைநூலில் இழுவைக் கொக்கி என்று காட்டியிருந்தால் மட்டும். கப்பலில் வாகனத்தைத் தரையோடு கட்டிவைப்பதற்கான மெல்லிய கொக்கிகளும் அதே மாதிரித்தான் இருக்கும். அவை கீழ்நோக்கிய இழுவைக்குச் செய்தவை. பம்பர் மூடிக்குள் திருகும் இழுவைக் கண் இருந்தால் கடைசி மரைவரை இறக்குங்கள். சில வாகனங்களில் இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை இருக்கும். திருகும் திசையைப் பாருங்கள். அதுவும் நல்ல பாதையில் நேராக இழுப்பதற்கே, சேற்றிலிருந்து பிடுங்குவதற்கு அல்ல. ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் ஒருபோதும் கயிறு கட்டாதீர்கள். அதன் கழுத்து முறிந்து பறந்து, வேறு நாடுகளில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

ட்ரக்டர் சாரதி, மஸ்கெலியா: 10 மி.மீ. சங்கிலி, தரம் 80. 3 தொன்னுக்கு மேல் தாங்கும் என்று வாங்கினோம். 2.5 தொன் வாகனத்தை ஒரு வெட்டு வெட்டி இழுத்ததில் அறுந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

சங்கிலி சரியானதாகவே இருக்கலாம். அந்தச் சங்கிலியின் வேலைப் பாரம் 3.15 தொன், முறியும் பாரம் அதைப் போல நான்கு மடங்கு, 12.6 தொன். இப்போது வெட்டி இழுத்ததைக் கணக்குப் பாருங்கள். உங்கள் ட்ரக்டரும் 2.5 தொன் என்று வைத்து, மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் சங்கிலி இறுகினால் அதில் 9,600 ஜூல் சக்தி இருக்கிறது. சங்கிலி நீளாது. கொக்கி, செசி எல்லாம் சேர்ந்து 5 சென்ரிமீற்றர் கொடுத்தால் சராசரி விசையே 19 தொன்னைத் தாண்டும். உச்சம் அதற்கும் மேல். அதே சக்தியை, ஒன்றரை மீற்றர் நீளக்கூடிய நைலோன் மீட்புக் கயிறு உள்வாங்கினால் உச்சம் ஒன்றரைத் தொன்னுக்குள் நிற்கும். சங்கிலியை முதலில் இறுக்கிவிட்டு, பிறகு மெதுவாக இழுங்கள். வெட்டி இழுப்பதற்குச் சங்கிலி ஆகாது. பொலியெஸ்டர் பட்டியும் ஆகாது. அது அவ்வளவு நீளாது.

சேற்றின் எதிர்ப்பையும் குறைத்து மதிக்காதீர்கள். சில்லின் அச்சுவரை புதைந்த வாகனத்தை இழுக்க அதன் எடையளவு விசை வேண்டும் என்பது மீட்பு வேலைக்காரர்களின் கணக்கு. மட்கார்ட்வரை புதைந்தால் இரண்டு மடங்கு. 8க்கு 1 ஏற்றம் என்றால் எடையில் எட்டில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். முதலில் மண்வெட்டியால் சில்லுக்கு முன்னால் வெட்டிவிட்டால் பாதி விசை மிச்சம்.

தோட்ட லொறி உதவியாளர், பொகவந்தலாவை: விரிந்த கொக்கியைக் காய்ச்சி நிமிர்த்தி மடக்கினோம். பார்க்க நன்றாக இருக்கிறது. போடலாமா?

கூடாது. விரியும்போதே இரும்பு தன் எல்லையைத் தாண்டிவிட்டது. காய்ச்சியதில் பதமும் போய்விட்டது. அடுத்த தடவை எங்கே விரியும், எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாயை வெட்டிப் போடுங்கள், இன்னொருவர் எடுத்து மாட்டாமல் இருக்க. கொக்கியில் வெல்டிங் பொட்டு வைத்துத் தேய்மானத்தை நிரப்புவதும் இதே கதைதான்.

பட்டறைப் பயிலுநர், நுவரெலியா: இங்கே பனியிலும் மழையிலும் கொக்கி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. மின்பூச்சுப் போட்டால் நல்லதா?

மென்மையான இரும்புக்குப் பயமில்லை. பதம் போட்ட, கடினம் கூடிய சாமானுக்கு அமிலத்தில் கழுவி மின்பூச்சுப் போடும்போது ஐதரசன் உள்ளே புகுந்துவிடும். வெளியே பளிச்சென்று இருக்கும், சில நாள் கழித்துப் பாரத்தில் நிற்கும்போது சத்தமில்லாமல் முறியும். பூச்சுப் போட்ட 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 பாகையில் பல மணி நேரம் சூட்டில் வைத்து ஐதரசனை வெளியேற்ற வேண்டும். பூச்சுப் போடுகிறவர் அதைச் செய்வாரா என்று கேளுங்கள். செய்யமாட்டார் என்றால் கொடுக்காதீர்கள். கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, சிங்க் பிரைமர் ஒரு பூச்சு, மேலே எனமல் இரண்டு பூச்சு போதும். மரைக்கும் உரசும் இடத்துக்கும் பெயின்ட் வேண்டாம், கிரீஸ் பூசுங்கள். குத்திய எண்ணின் மேல் பெயின்ட் தடித்து அது மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.